ஞாயிற்றுக்கிழமை படகு போகாது

உ
தூத்துக்குடி
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள ப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். திருச்செந்தூரான் உன்னையும் சுகமாக வைத்திருப்பான்.

டப்பாவில் மேலே மக்ரூன், அடியில் முறுக்கு. மக்ரூனை முதலில் தின்றுவிடு, நமத்துப் போனபிறகு என்னைச் சொல்லாதே. பஸ் ஆபீஸில் வாங்கித் தின்று முடித்ததும் வெறும் டப்பாவைத் திருப்பி அனுப்பு. வைகாசியில் அனுப்பிய நீல மூடி டப்பா இன்னும் வரவில்லை, நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். பேச முடியவில்லை. சினிமாப் பேச்சு எடுத்தால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். படப்பிடிப்பில் உங்கள் போனையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம். அதனால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் மூன்று படம் பார்த்தேன். முதலாவது ஜெயில் படம். ஹீரோ நூற்றுப் பத்துப் பேரை அடித்தான், நான் எண்ணினேன். வெள்ளை வேட்டியில் ஒரு கறை இல்லை. அதைத் துவைக்கிறவள் யாரென்று கடைசிவரை காட்டவில்லை. பத்துக்கு மூன்று.

இரண்டாவது, அப்பாவும் மகனும் பேசாமல் இருந்து பிறகு பேசுகிற படம். அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மா பதினோரு தடவை பரிமாறுகிறாள். தான் ஒரு வாய் சாப்பிடவில்லை. பத்துக்கு ஆறு. உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஏழு போட்டிருப்பேன்.

மூன்றாவதுதான் என்னைக் கடுப்பேற்றியது. நம்ம கடற்கரைப் படமாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்கிறது, ஹீரோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படகை எடுக்கிறான். கூடவே ஐம்பது படகு. எனக்குப் பின்வரிசையில் பிரைட்டன் தம்பி, நம்ம கடையில் கயிறும் வலைநூலும் வாங்குவானே, ரெண்டு விசைப்படகு வைத்திருக்கிறவன், தியேட்டரே கேட்கச் சிரித்தான். "ஞாயித்துக்கிழம கடலுக்குப் போறாம் பாருலே. இவன் எந்த ஊரு வேதக்காரன்?" ஞாயிறு பூசை நாளில் நம்ம ஊர்க் கிறிஸ்தவர் யாரும் கடலுக்குப் போவதில்லையே, சோகமான இடத்தில் ஊரே சிரித்தது.

எனக்கு வேறு கோபம். ஞாயிற்றுக்கிழமை படகு போயிருந்தால் அப்பா கடை திறந்திருப்பார். கடை திறந்திருந்தால் சமையல், சாப்பாடு கொடுத்துவிடுவது என்று எனக்கும் ஓய்வு கிடையாது. உன் கையைப் பிடித்து மதியக் காட்சிக்கு நான் கூட்டிப் போயிருக்கவே மாட்டேன். நீ சினிமாப் பைத்தியம் ஆனதே படகு போகாத நாளில்தான். அதைப் போய் மாற்றிக் காட்டுகிறானே. பத்துக்கு ஒன்று, அதுவும் கடலுக்காக.

அப்பா நேற்று காலண்டரைப் பார்த்து, "தை முடிஞ்சா ரெண்டு வருசம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரையில் பேரைக் காட்டு, இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடு என்று அன்றைக்கு உன்னை அனுப்பும்போது போட்ட கணக்கு. உன் படம் தைக்குள் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வை.

உன் அம்மா
ம. சங்கரம்மாள்


சென்னை
18 ஜூலை 2024

அம்மா,

நீல மூடி, பச்சை மூடி ரெண்டு டப்பாவும் இதோடு வருகிறது. கணக்கைச் சரிசெய்துகொள்.

உன் மார்க்கை எல்லாம் இங்கே அறையில் இருக்கிறவர்களிடம் வாசித்துக் காட்டினேன். "உங்கம்மா ஒரு பத்திரிகை ஆரம்பிக்கட்டும்" என்கிறார்கள். நான் இந்தப் படத்தில் ஐந்தாவது உதவி இயக்குநர். என் வேலை என்ன தெரியுமா? ஹீரோவின் சட்டையில் போன காட்சியில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, வாட்ச் எந்தக் கையில், டம்ளரில் காபி எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதுவது. உன் புத்தி எனக்கு இதற்குத்தான் வந்திருக்கிறது. கோ-டைரக்டர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும்மா கணக்குப்பிள்ளை?" என்று கேட்டார். அம்மா என்றேன்.

இப்போது விஷயம். எங்கள் கதையும் தூத்துக்குடிதான், உனக்கே தெரியும். இங்கேயே கடற்கரையில் செட் போட்டு எடுக்கிறார்கள். நீ திட்டிய அதே காட்சி எங்கள் ஸ்கிரிப்டிலும் இருக்கிறது அம்மா. ஞாயிறு, மணி, படகு, எல்லாம். அடுத்த மாதக் கடைசியில் எடுக்கப் போகிறார்கள்.

சொல்லலாமா என்று இருக்கிறது. ஐந்தாவது ஆள் வாய் திறக்கிற வழக்கம் இங்கே இல்லை. சொல்லாவிட்டால் நம்ம தியேட்டரில் பிரைட்டன் அண்ணன் சிரிப்பார். நீ என்ன சொல்கிறாய்?

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

ப்ரியா


உ
தூத்துக்குடி
11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்பு மகளுக்கு அம்மாவின் ஆசி.

ஆடிக்கிருத்திகைக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்தேன். திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், டப்பாவில் ஓரமாகப் பார்.

நீ கேட்டதற்கு ஒரு வாரம் யோசித்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பஜனைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மீதித் தமிழை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கோயிலில் ஐயர் ஒருநாள் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தார். எல்லாரும் சும்மா இருந்தார்கள். நான் மெதுவாக, "சாமி, நடுவுல ஒரு வரி இருக்கு" என்றேன். முறைத்தார். மறுவாரம் அந்த வரியோடு வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை, அது போகட்டும். வரி வந்துவிட்டது.

சொல்லு. மரியாதையாகச் சொல்லு. தப்பைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறவளாக உன்னை நான் வளர்க்கவில்லை.

இந்த மாதம் பேய்ப் படம் ஒன்று. பேய்க்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை, சுவர் வழியாக வருகிறது, ஆனால் போன் அடித்தால் எடுக்கிறது. வேல்விழி பயந்து என் முந்தானையைப் பிடித்துக் கசக்கிவிட்டாள். எதிர்வீட்டு மருமகள், என்னைச் சித்தி சித்தி என்பாளே, அவள்தான். பத்துக்கு நாலு.

உன் அம்மா
ம. சங்கரம்மாள்


சென்னை
20 அக்டோபர் 2024

அம்மா,

சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

வேலை கொஞ்சம் அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. தீபாவளிக்கு வர முடியாது. சுசியம் அனுப்பு, போதும். நன்றாகச் சாப்பிடுகிறேன், தலைக்கு எண்ணெயும் வைக்கிறேன்.

ப்ரியா


உ
தூத்துக்குடி
19 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள ப்ரியா,

உன் கடிதமெல்லாம் இப்போது பஸ் டிக்கெட் அளவுக்கு வந்துவிட்டது. பொங்கலுக்கும் வரவில்லை. பெரிய வேலையில் இருக்கிறவளுக்கு அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தெருமுனையில் உங்கள் படத்துப் போஸ்டர். ஹீரோ மீன் கூடையைத் தலையில் வைத்திருக்கிறான், சும்மாடு இல்லாமல். அதை மன்னித்துவிட்டேன். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதல் காட்சி. வெள்ளிக்கிழமை நான் சினிமாவுக்குப் போகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். முருகனிடம் உத்தரவு கேட்டுவிட்டேன். விடியற்காலை கோயில், ஒன்பது மணிக்குத் தியேட்டர்.

பஜனைக் குழுவில் பதினான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பேர் ஓடும்போது கண்ணில் படாமல் போய்விடுமே என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் வருகிற பேரை நான் பார்த்துக்கொள்வேன். கடைசியில் வேகமாக ஓடும் அல்லவா, அதில் இடது பக்கம் வேல்விழி, வலது பக்கம் பேச்சித்தாய். நடுவில் வந்தால் செல்லத்தாய், அவளுக்கு இப்போதுதான் கண்ணில் ஆபரேஷன் முடிந்து எறும்புகூடத் தெரிகிறது. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கை தூக்க வேண்டும்.

"எத்தன பெரிய எழுத்துல வரும் ஒம் மவ பேரு?" என்று செல்லத்தாய் கேட்டாள். "எத்தன எழுத்துல வந்தாலும் என் வயித்துல வந்ததுதான்" என்றேன். அன்றிலிருந்து நான் கர்வம் பிடித்தவளாம். இருந்துவிட்டுப் போகிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். "வெள்ளிக்கிழம படகு போற நாளு. கடைய யாரு பாப்பா?" என்றார்.

உன் அம்மா
ம. சங்கரம்மாள்


சென்னை
22 ஜனவரி 2025

அம்மா,

யாரையும் கூட்டிப் போகாதே. நீயும் போகாதே. மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் வராது.

ஆகஸ்ட் கடைசியில் அந்தக் காட்சி எடுக்க வந்தார்கள். அறுபது படகு வாடகைக்கு வந்து நிற்கிறது. முந்தின நாளே கோ-டைரக்டரிடம் மரியாதையாகச் சொன்னேன், பார்க்கலாம் என்றார். காலையில் பார்த்தால் அப்படியே எடுக்கப் போகிறார்கள். நேராக டைரக்டரிடம் போய், "சார், ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல படகு போகாது, அன்னைக்கு எங்கப்பா கடையே திறக்க மாட்டாரு" என்றேன். ஹீரோ பக்கத்தில் இருந்தார். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. "உங்கப்பா கடையிலயே போய் உட்காரும்மா" என்றார். அன்று மதியமே நோட்டை வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து மாதமாக விளம்பரப் படம் எடுக்கிற ஒருவரிடம் நாள் வேலைக்குப் போகிறேன். பட்டினி இல்லை. உன்னிடம் பொய் சொன்னதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ சொல்லச் சொன்னதால் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கே பொறுக்கவில்லை, சொன்னேன். ஆனால் அப்பாவிடம் கொடுத்த வாக்கு வாக்குதான். தை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். தெருவில் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேனே, அதை மட்டும் எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

சுசியம் டப்பாவை இப்போதுதான் அனுப்புகிறேன். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், கடைக்கே போகட்டும் என்று எழுதியிருக்கிறேன், சீக்கிரம் சேரும்.

ப்ரியா


உ
தூத்துக்குடி
26 ஜனவரி 2025, ஞாயிறு

என் மகள் சண்முகப்ரியாவுக்கு,

இன்று படகு போகவில்லை, கடை இல்லை. நிதானமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் கோயிலிலிருந்து வந்தால் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. காற்று பலமோ, படகு போகவில்லையோ என்று கேட்டேன். "படகெல்லாம் போயிருக்கு. நீ கெளம்பு" என்றார். இருபத்தாறு வருடத்தில் படகு போகிற நாளில் அந்தக் கடை பூட்டி நான் பார்த்ததில்லை.

படத்தைப் பற்றிப் பிறகு. இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி வந்தது. மணி அடிக்கிறது. கடற்கரையைக் காட்டுகிறார்கள். அறுபது படகும் கட்டிக்கிடக்கிறது, ப்ரியா. ஒன்று அசையவில்லை. ஆண்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் மாதா கோயிலுக்குப் போகிறார்கள். ஹீரோ மட்டும் தனியாக வந்து சுருட்டி வைத்த கயிற்றின்மேல் உட்கார்கிறான். கடலுக்குப் போகவும் முடியாது, கோயிலுக்குள் போகவும் முடியாது. அவ்வளவுதான் காட்சி, வசனம்கூடக் கிடையாது. அப்புறம் பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும்.

பிரைட்டன் தம்பி எழுந்து நின்றுவிட்டான். கடலுக்குப் போகாமல் முதல் காட்சிக்கு வந்திருக்கிறான். "ஏலே, படத்துக்குள்ள நம்மூரு ஆளு ஒருத்தன் இருக்காம்லே" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் அப்பா சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.

"எம் மவ சொன்னது அது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் பேர் ஓடியது. இடது பக்கம் வேல்விழி, வலது பக்கம் பேச்சித்தாய், நடுவில் செல்லத்தாய். ஒரு கையும் தூக்கவில்லை. விளக்குப் போட்டதும் பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேல்விழிதான், "ரொம்ப வேகமா ஓட்டிட்டான் சித்தி" என்றாள். அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாங்க எல்லாரும், டீ குடிப்போம்" என்றார். அவர் இத்தனை பெண்களோடு தெருவில் நடந்து போனதை அன்றுதான் ஊர் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபிறகு பீரோ மேலிருந்து சுசியம் டப்பாவை எடுத்துத் தந்தார். உள்ளே உன் கடிதம். வியாழக்கிழமையே கடைக்கு வந்துவிட்டதாம். பிரித்துப் படித்திருக்கிறார். பேர் வராது என்று தெரிந்துதான் கடையைப் பூட்டியிருக்கிறார்.

படித்தேன். அழுதேன், அப்பா வாசலுக்குப் போகவில்லை, பக்கத்திலேயே இருந்தார். தை முடியப் போகுதே, என்ன செய்ய என்று கேட்டேன். சொன்னார்: "பேரு ஓடுத வேகத்துல யாரு படிச்சா? ஊரு கை தட்டுனது கேட்டுச்சுல்லா. இருக்கட்டும் அங்கனயே."

அதனால் பெட்டியைக் கட்டாதே. உன்னை அனுப்பியவர்கள் உன் நோட்டை வைத்துக்கொண்டார்கள், உன் பேரை விட்டுவிட்டார்கள், நீ சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். போகட்டும். வரி வந்துவிட்டது.

தலைகுனிவு என்று எழுதியிருக்கிறாய், அந்தச் சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன். நேற்று காய்கறிக்காரி நிறுத்தி, "படகக் கட்டிப் போட்டது ஒம் மவளாமே" என்று கேட்டாள். பிரைட்டன் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டான். ஆமாம் என்று தலையை நன்றாக நிமிர்த்திச் சொல்லிவிட்டு, கத்தரிக்காய் வாங்க மறந்து வந்தேன்.

பொய் சொன்னதற்கு மட்டும் கோபம். அதை நேரில் வரும்போது பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு அப்பாவும் போனில் பேசுவார், சினிமாதான் பேசுவார், தயாராக இரு.

இனி மார்க். பத்துக்கு ஏழு. கூடப் போட்டிருப்பேன். ஆனால் இதிலும் அந்த அம்மா ஒன்பது தடவை பரிமாறுகிறாள், ஒரு தடவைகூட உட்காரவில்லை. உன் படம் எடுக்கும்போது அவளை உட்கார வைத்து நீ சோறு போடு.

உன் அம்மா
ம. சங்கரம்மாள்