வெசாக் போயாவுக்கு விழும் பாலம்

மேற்பிரிவு லயம்,
தெரணியகலை.
6.5.2008, செவ்வாய்

அன்பின் நுஸ்காவுக்கு,

நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு இதை வாசி. போன பௌர்ணமிப் போயாவுக்கு நீ அனுப்பிய ஆட்டத்துக்கு இது பதில் இல்லை.

தம்பி தனுஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்முடைய பறநாக விளையாட்டுக் கொப்பிக்காக.

மேலே இருக்கும் இரண்டு வரிகளையும் எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். என் கையெழுத்துத்தான். இருந்தாலும் வேறு யாருடைய வீட்டிலோ நடந்ததைப் போலத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பொலிஸ்காரர்கள் லயத்து வீடுகள் முழுவதையும் சோதனை போட்டார்கள். எங்கேயாவது பஸ்ஸில் குண்டு வெடித்தால் அடுத்த கிழமை இங்கே வருவது வழக்கம்தானே. அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருந்தார். நான் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தனுஷன் மட்டும் போன் திருத்தும் கடைக்குப் போவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். அவனுடைய கட்டிலுக்குக் கீழே நான் வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்திருக்கிறார்கள். இது யாருடையது என்று கேட்டதும், என்னுடையது என்று சொல்லிவிட்டான்.

நான் ஓடிவந்தபோது ஜீப் போய்விட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மா அக்காதான் வாசலில் நின்று சொன்னார். "ஏன்டி சுமித்ரா, ஒன் தம்பி எந்தக் காலத்துல கொப்பி எழுதுனான்? ஓட்டு லிஸ்டுல பேரு பாக்கவே என்னையக் கூப்புடுறவன். பொலிஸ்காரன்கிட்ட நெஞ்ச நிமித்திக்கிட்டு, நாந்தான் எழுதுனேங்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு பிள்ள. பொறவுதான் அழுக வந்துச்சு."

அன்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தேன். நீ உன் ஆட்டத்தை எழுதி அனுப்பிய நாற்பத்தொரு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் உன் பெயரும் நீ வாழ்க்கைப்பட்ட புத்தளத்து விலாசமும் இருந்தன. தம்பியைக் காப்பாற்றக்கூடிய சாட்சியும் அவைதான் என்பது சாம்பலைக் கிளறும்போதுதான் எனக்கு உறைத்தது. பிறத்தியார் பார்த்தால் அந்தக் கொப்பி எப்படி இருக்கும் என்று நாம் ஒரு நாளும் யோசிக்கவில்லையே. முதல் பக்கத்தில் தெய்வங்கள்: காட்டுக்குள் ஒளிந்திருந்து கட்டளை போடும் ஒன்பதுமுடியான், அவனுடைய தங்கை வெண்சிறகாள். அடுத்து இனங்கள்: புகை அறையில் தூங்கும் புகைநாகம், மாணிக்கக் குழியில் கிடக்கும் செந்நாகம், ரப்பர் பாலைத் துப்பி ஆட்களை உறைய வைக்கும் பால்நாகம். பால்நாகத்தை நீ கண்டுபிடித்த அன்று இங்கே உன் வாப்பாவின் கடைக்குப் பின்னால் நாம் எவ்வளவு சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் வரைபடம். ஒரு பறநாகம் ஒரு ஆட்டத்தில் எத்தனை அடி பறக்கும் என்று நமக்கு விதிகள் தந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்ததால், நான் தோட்டத்து ஒபீஸ் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன். ரப்பர் மலைகளின் நம்பர்கள்கூட அவையேதான். பாலத்திலிருந்து பெக்டரி வரைக்கும் காலால் அளந்து குறித்திருக்கிறேன். பக்கத்தில் மாயப் பொருட்களின் கணக்கு: தீக்கோல் ஏழு, ஒவ்வொன்றும் இன்னும் மூன்று தடவை எரியும். மறைப்புப் போர்வை இரண்டு. பாலம் உடைக்கும் கொம்பு ஒன்று.

எனக்குப் பள்ளிக்கூட லீவு, உனக்கும் கொஞ்சம் ஓய்வு என்று போயாவுக்குப் போயா கடிதத்தில் ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டோம். அதனால் கடைசிப் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: வெசாக் போயாவுக்குக் கொம்பு ஊதப்படும், பாலம் விழும். வெசாக்குக்கு இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை, நுஸ்கா.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் பொலிசுக்குப் போனோம். அங்கே ஒரு கான்ஸ்டபிளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் நன்றாகச் சிங்களம் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பொலிஸ் பெரியவர் கொப்பியை என் பக்கம் தள்ளி, வாசித்துச் சொல்லு என்றார். முதல் பக்கத்திலிருந்து வாசித்து, கடைசியில் பாலம் விழும் அந்தப் பக்கத்துக்கு வந்தேன். என் வாக்கியத்தை நானே சிங்களத்தில் சொன்னேன். அம்மாவுக்கும் சிங்களம் விளங்கும். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

பிறகு தனுஷனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். கன்னம் வீங்கியிருந்தது. ஒன்பதுமுடியான் யார் என்று பெரியவர் கேட்டார். அது ஒரு சாமி என்றான். எங்கே இருக்கிறார்? யோசித்துவிட்டு, காட்டில் என்றான். தீக்கோல் எங்கே? முடிந்துவிட்டது என்றான். கரும்பாறை வேடன் என்று அடிக்கடி வருகிறதே, அவன் யார்? தெரியாது என்றான். விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன், ஒவ்வொரு பதிலாலும் இன்னும் ஆழமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். கரும்பாறை வேடன் நீ எடுத்த வேஷம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் கொடுக்கப் போனபோது காதோடு காதாகச் சொன்னான்: "நீ வாயத் தொறக்காதக்கா. என்னைய நாலு சாத்துச் சாத்துவாங்க, அவ்வளவுதான். பொம்பளப் புள்ள உள்ள போனா வேற மாதிரி." எப்போதும், "ஒன் பாம்பெல்லாம் கஞ்சி குடிச்சிருச்சா?" என்று என்னைக் கேலி செய்பவன் அவன்.

நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை புத்தகம் வாசித்தவள், பேசாமல் வெளியே வந்து அம்மாவோடு பஸ் ஏறினேன். நேற்று முழுவதும் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் குரல் சரியாகத்தான் வந்தது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவனைக் கொழும்புக்கு அனுப்பப்போகிறார்களாம். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால் நாளைக் காலையில் நான் பொலிசுக்குப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: ஐயா, இந்தக் கொப்பி என்னுடையது. இது ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை போட்டு, கதையாக விளையாடுவது. விழுவது இந்தப் பாலம் இல்லை, கதையில் இருக்கும் பாலம். சொல்லிப் பார்க்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. யாரோடு விளையாடினாய் என்று நிச்சயம் கேட்பார்கள். இரண்டு பக்கமும் நானே விளையாடினேன் என்று சொல்வேன். தனியாக இருக்கும் பெண் அப்படிச் செய்வாள் என்று நம்புவார்கள். உன் பெயர் என் வாயிலிருந்து வராது.

ஆனால் வெறும் வாய்ப்பேச்சு போதாது. கடையில் சாமான் சரை சுற்ற வந்த பழைய தாள் கட்டுக்குள் நீ கண்டெடுத்த அந்த இங்கிலீஷ் புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. சிறகு விரித்த படங்களும் பகடை அட்டவணைகளும் இருக்கும் அந்த அச்சுப் புத்தகத்தை மேசையில் வைத்தால் மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை. உன் வாப்பாவின் கடைக்கு உப்புக் கொண்டுவரும் லொறிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் வியாழக்கிழமை திரும்பி வருவார். புத்தகத்தைத் துணியில் சுற்றி அவரிடம் கொடு. உன் பெயர் எழுதிய முதல் தாளைக் கிழித்துவிடு. உள்ளே ஓரங்களில் நீ பென்சிலால் எழுதியவற்றையும் அழித்துவிடு. அம்மா கடைக்குப் போய் வாங்கிப் பொலிசுக்குக் கொண்டுவருவார். நீ வராதே. இந்த வயிற்றோடு செக்பொயின்டுகளைத் தாண்டி வரவேண்டாம். என் கடிதங்களை எரித்துவிடு, இதையும் சேர்த்து.

உன் கணவருக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியாமல் போகலாம். அப்படியானால் விட்டுவிடு. புத்தகம் வரவில்லை என்றால் உனக்கு முடியவில்லை என்று மட்டும்தான் நினைப்பேன். ஒரு நாளும் வேறு மாதிரி நினைக்க மாட்டேன். ஆனாலும், நுஸ்கா, முடிந்தால் அனுப்பு.

உன் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, எந்த நாட்டிலும் பயமில்லாமல் வளர வேண்டும். தூங்காமல் அடம்பிடித்தால் பால்நாகத்தின் கதையைச் சொல்லு, வெண்சிறகாளின் கதையையும் சொல்லு. எழுதி மட்டும் வைக்காதே.

உன் அன்புள்ள,
சுமித்ரா