கையில் கொடுத்துப் போகிறவர்கள்

இன்று காலை தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து தமிழ் வார இதழ்க் கட்டு வந்து சேர்ந்தது. சணல் கயிற்றை அறுத்ததும் மை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. போன வருஷம் வரை அந்தக் கத்தரிக்கோலை நீ என்னைத் தொடவிட்டதே இல்லை. "மாறி நில்லு எடீ, முதல்ல நான் நோக்கணும்" என்று தட்டிப் பறித்துக்கொள்வாய். புதுப்படச் செய்தி மொத்தத்தையும் நீ மேய்ந்து முடித்த பிறகுதான் நூலக முத்திரையே அதில் விழும். இன்று யாரும் பறிக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, புதுப்படச் செய்திப் பக்கத்தை நானே திருப்பிப் பார்த்தேன்.

நீ வித்துராவில் பிறந்த மலையாளி. நானோ இந்த ஊர் ஆரியசாலையில் வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். நூலகத்தின் தமிழ்ப் பிரிவுக்கு நம் இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டார்கள். நீ தமிழ் பேசக் கற்றது சினிமாக் கொட்டகையில், எழுத்துக் கூட்டிப் பழகியது சுவரொட்டியில். அதனால் உன் தமிழில் பாதி பட வசனமாகவும் பாதி உங்கள் வீட்டுப் பேச்சாகவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எனக்கே தமிழ் சொல்லித்தர வருவாய் பார், அந்தத் தைரியம் யாருக்கு வரும்!

மாலையில் எதிர்க்கடைச் சாயாவும் பழம்பொரியும் வந்தால் நம் சண்டை தொடங்கும். நான் மெலடிக் கட்சி. நீ அடிதடிக் கட்சி, ஆனாலும் கதாநாயகன் மெதுவாக நடந்து வரும் காட்சி மட்டும் உனக்கு ஆகாது. "இவன் நடந்து வர்ற நேரத்துல எங்க பஸ் பொன்முடி மலை ஏறி இறங்கிடும்" என்பாய். கடை ரேடியோவில் புதுப்பாட்டு வந்தால், "தள்ளே! இது பாட்டா? பாடறவனெ ஆரோ அடிக்கற மாதிரியல்லே இருக்கு" என்று காதைப் பொத்திக்கொள்வாய். டிவி தொடர்களில் தூங்கும் மாமியாருக்கு எதற்கு அத்தனை நகை என்பதில் மட்டும் நாம் ஒரே கட்சி. புதுப் புத்தகத்துக்குச் சுருக்கமில்லாமல் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டால், அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிப்பாய். நமக்குச் சந்தோஷம் என்றால் அவ்வளவுதான், அதுவே போதுமாகவும் இருந்தது.

அப்போதுதான் புதிதாக வந்த மேலதிகாரி, யாரும் தொடாத அலமாரிகளைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றச் சொன்னார். முதலில் நம் தமிழ் அலமாரிகள். கிடங்குக்குப் போன புத்தகம் திரும்பி மேலே வந்து நான் பார்த்ததில்லை. நம் வாசகர்கள் லாட்ஜிலும் கட்டுமான இடத்திலும் தங்குகிறவர்கள். உள்ளூர் ஜாமீன் இல்லாமல் அவர்களால் உறுப்பினராக முடியாது, அதனால் உள்ளேயே உட்கார்ந்து படிப்பார்கள். அப்படிப் படிப்பதற்குக் கணக்கெடுக்க ஒரு வழக்கம் உண்டு. படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுப் போக வேண்டும், சாயங்காலம் நாம் எண்ணிவிட்டு அடுக்குவோம். மற்றப் பிரிவுகளில் மேசை நிறைந்து கிடக்கும். நம் மேசை மட்டும் துடைத்துவிட்டது போல் இருக்கும். ஃபேன் காற்றுக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

நீ அன்று மதியம் அலமாரி ஓரமாகப் போய் நின்றாய். பழவங்காடி ஓட்டலில் பரிமாறும் முருகேசன் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து படித்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் புத்தகத்தைத் தோள்துண்டால் ஒரு துடை துடைத்து, எடுத்த இடத்திலேயே செருகினார். விஷயம் அங்கேயே உனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, திரும்ப வைக்கண்டா. மேசையில இட்டுட்டுப் போனா மதி, அது போதும்."

"அது எப்படிக்கா? நாள் பூரா அடுத்தவங்க சாப்ட்ட எலைய எடுத்து மேசையத் தொடைக்கோம். இங்கயாவது எங்க பின்னால வந்து ஒருத்தர் எடுக்கக் கூடாதுன்னு பாக்கோம்."

பக்கத்தில் இருந்த கொத்தனாரும் தலையாட்டினார். அவர்கள் சொல்வதும் நியாயம், நம் கணக்கும் நியாயம். நானாக இருந்தால் விதியைச் சொல்லிக் கெஞ்சியிருப்பேன்.

"செரி, மேசையில வேண்டா. என் கையில தரணும். தந்திட்டு, எப்படி இருந்துன்னு ஒரு வார்த்தை பறஞ்சிட்டுப் போகணும். எனிக்குக் கதை கேக்கணும்" என்றாய்.

கையில் கொடுப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை. அடுத்த வாரமே உன் முன்னால் வரிசை நின்றது. சரித்திர நாவலோ துப்பறியும் கதையோ, எல்லாவற்றையும் சினிமா போலவே அலசினார்கள். "ரெண்டாவது பாதி இழுவைக்கா." "வில்லன் செத்தது நம்புற மாதிரியே இல்ல." நீயும் விடாமல் மல்லுக்கு நின்றாய். நூலகமா சந்தையா என்று தெரியாத அந்தச் சத்தத்தைக் கேட்டு அதிகாரி வந்தார். "இவிடெ எந்தா பஹளம்?" என்று அதட்டினார். நீ எழுந்து, மேசையில் குவிந்திருந்த புத்தகங்களைக் காட்டி, "சாரே, இது இன்னத்தெ கலெக்ஷன்!" என்று அன்றைய பட வசூலைச் சொல்வது போல் சொன்னாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் குவியலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். அதன் பிறகு கிடங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் மொழிப் புத்தகங்களுக்காக எனக்கு முன்னால் நீ எழுந்து நின்றாய். உன்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன், தெரியுமா?

போன வருஷம் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன்னைச் சாந்திகவாடம் மயானத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள் நானே போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். முருகேசன் வந்து புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எப்படி இருந்தது என்று கேட்காமலே அதை மேசையில் வைத்தேன். அவர் நகரவில்லை. கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, எது பிடித்தது, எது அறுவை என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "சொல்லாமப் போனா அக்காவுக்குக் கோவம் வரும்லா" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சொன்னார். அவருக்கும் பின்னால் நின்றவரும்.

அன்று அழுதுகொண்டே அத்தனை கதையும் கேட்டேன். இப்போது அழுவதில்லை, எதிர்த்துச் சண்டை போடுகிறேன். இதோ, மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஓட்டல்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் போய் உட்கார வேண்டும்.