வாலு அடிக்கும் ஹாரன்

நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதென்று என் கல்யாணத்தன்று நாலு பேர் முன்னால் சொன்னவள் நீ. அன்றைக்கு நீ கட்டியிருந்த பச்சை ரிப்பன்கூட எனக்கு மறக்கவில்லை. கிளறினதுதான், பொறுத்துப் படி. போனில் சொல்லலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய்.

இங்கே மலையில் பனி உருகிவிட்டது. பகல் முழுக்கக் கூரை சொட்டுகிறது. கம்பளிகளை வேலியில் காயப்போட்டிருக்கிறேன். பின்பக்கத்துப் பேரிக்காய் மரம் ஒரு இலைகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது. வெட்கமில்லாத மரம், வீட்டில் என்ன நடக்கிறதென்று பார்க்காமல் பூக்கிறது.

குளிருக்கு முன்னால் ஜன்னல் இடுக்கில் காற்று நுழையாமல் பழைய பேப்பரைப் பசை தடவி ஒட்டுவோம். வெயில் வந்ததும் அதைப் பிய்ப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம். உன் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிய்கிற துண்டில் இருக்கிற செய்தியை ரேடியோக்காரர் மாதிரி படிப்பார். பாதிதான் கிழிந்து வரும், மீதியை அவரே இட்டுக்கட்டுவார். போன வருஷம் ஒரு மந்திரியை ஆட்டுக்குப் பல் விளக்க வைத்துவிட்டார். நான் சிரித்ததில் ஸ்டூல் ஆடிவிட்டது. இந்த வருஷம் நானே தனியாகப் பிய்த்தேன். துண்டுகளைக் கட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டார், படிக்கவில்லை. படிக்க மூச்சு வேண்டுமே.

இதயம் வீங்கிவிட்டதாம். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இனிமேல் எதுக்கும்மா அவரை அலைக்கழிக்கிறீங்க, ஆசைப்பட்டதைக் குடுத்துப் பக்கத்துல இருங்க என்றாள். எங்கள் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, வேலை இருக்கிறதென்று போய்விட்டான். பேத்தி தினமும் போனில் பாடிக் காட்டுகிறாள். ஆனால் அவர் ஆசைப்படுவது உன்னை. வாய்விட்டுச் சொல்லமாட்டார். நீங்கள் எல்லாம் ஒரே ரத்தம், வீம்பில் மட்டும் குறைச்சல் கிடையாது.

ரிட்டயர் ஆனதும் உன் தெருவிலேயே வீடு பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர் மலைக்கு வந்தது உனக்கு இன்னும் ஆறவில்லை. என் தலையணை மந்திரம் என்று சொந்தக்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொன்னாய். நான் எந்த மந்திரமும் ஓதவில்லை. இந்த மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டினவர், பாதையோரத்துப் பூவைத் திரும்பிப் பார்த்தால் வண்டி பள்ளத்தில் இருக்கும் என்று பார்க்காமலே ஓட்டினவர், கடைசிக் காலத்தில் உட்கார்ந்து பார்க்கணும் என்றார். அவ்வளவுதான். நாங்கள் கிளம்பின அன்றைக்கு வாசலில் நின்று, பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கிட்டு மேல போற, மூச்சுக்குத் தவிச்சுக் கிடப்ப, அப்ப நான் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்றாய். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை. ஆனால் நீ சொன்னபடியேதான் கிடக்கிறார்.

அவருடைய முதல் பஸ்ஸில் இருந்த ரப்பர் பந்து ஹாரன் ஞாபகம் இருக்கிறதா? அதைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏற மூன்று வளைவு. பால் வாங்கிவிட்டு வரும்போது வளைவுக்கு வளைவு அமுக்கிக்கொண்டே வருவார். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அடுப்பில் டீத் தண்ணீரை வைப்பேன். இப்போது நான் போகிறேன், ஹாரனை என்னிடம் கொடுத்து அனுப்புகிறார். திரும்பி வரும்போது நான் அமுக்க வேண்டும், அவர் கட்டிலில் கேட்டுக்கொண்டிருப்பார். மறந்தால் கோபம் வருகிறது.

சின்ன வயசில் நீ அவர் மடியில் உட்கார்ந்து இரண்டு தடவை சட்டுச் சட்டென்று, மூன்றாவது நீட்டி அடிப்பாயாம். வாலு அடிக்கிற அடி என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். போன வாரம் எனக்கு என்ன தோன்றியதோ, கடைசி வளைவில் நின்று அப்படியே அடித்தேன். கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான். மேலே வந்து பார்த்தால், எழுந்து சட்டை மாட்டி, தலை வாரி, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் ஒண்டியாக வருவதைப் பார்த்தார். திட்டவில்லை. நீ அவசரப்பட்டு விட்டுட்ட, வாலு இன்னும் கொஞ்சம் இழுப்பா என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். சட்டையைக் கழற்ற விடவில்லை. இன்றைக்கும் அதே சட்டைதான்.

நீ வரமாட்டாய் என்றே நினைக்கிறேன். போன இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. வந்தாலும் அவர் எழுந்துவிடப் போவதில்லை, நீயும் நானும் கூடிக் குலாவப் போவதுமில்லை. என்னோடு நீ பேச வேண்டாம், என் கையால் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். காலை பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் எங்கள் ரோட்டில் இறக்கிவிடுவான். முதல் வளைவில் பால் டப்பா வைக்கிற பலகை இருக்கிறது. இன்றிலிருந்து ஹாரனை அதன் மேல் வைத்துவிட்டு வருகிறேன். நான் இனி அமுக்கமாட்டேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். உன் அண்ணனுக்குக் கால் வீங்கிவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. காது மட்டும் இன்னும் நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உனக்குப் பிடிக்காத அண்ணி