வேலிக்கு இந்தப் பக்கம் பூத்த ஹனிசக்கிள்

"வாசம் வருதா, டீச்சர்?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பீர்கள், அக்கா. மற்றவர்கள் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பதைப் போல, பொழுது சாயும் நேரத்தில் உங்கள் விசாரிப்பு இது. நேற்று மாலை காய்ந்த துணிகளை எடுக்க முன்பக்கம் போனேன். அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. பழக்கத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பக்கம் உங்கள் முற்றம் முழுவதும் ஈரச் சிமெண்ட். அதன்மேல் ஒரு பூனை நடந்துபோன தடம்.

நீங்கள் அந்த ஹனிசக்கிள் கொடியை வாங்கி வந்த நாளில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதற்கு முந்தைய வருடம் உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கின் வேலையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். "அக்கா, பால்!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன். அப்படிப்பட்ட நீங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் போய், பூக்கடைச் சீனரிடம் பேசி, வாசனைக்கென்றே வளர்க்கும் ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். எப்படிக் கேட்பது என்று நான் தயங்கியதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"என் மூக்கு செத்துப்போச்சுன்னு வீடும் வாசமில்லாம கெடக்கணுமா? உங்க மூக்கு நல்லாத்தானே இருக்கு. அது போதும் லா."

சீனர்கள் அதைத் தங்கவெள்ளிப் பூ என்பார்கள் என்று சொன்னீர்கள். வெள்ளையாகப் பூத்து, மறுநாள் மஞ்சளாகும். காய வைத்துக் கொதிக்கவைத்து, உடல் சூட்டுக்குக் குடிப்பார்களாம். வேர் நிழலில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும் என்பது பூக்கடைக்காரர் சொன்ன ஒரே பாடம். உங்கள் பக்கம் மாமர நிழல், என் பக்கம் காலை வெயில். அதனால் உங்கள் மண்ணில் ஊன்றினோம், கம்பிவேலியில் ஏற்றிவிட்டோம். கொடி என் வீட்டைப் பார்த்து நடந்தது. வேர் உங்களுக்கு, பூ எனக்கு என்று ஆனது. அப்போது அதை வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டோம்.

முதல் பருவத்தில் நாம் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வெள்ளை மொட்டு, மெல்லிய கொடி. நம் கைக்கு அது முல்லை. மாலை நான்கு மணிக்குக் கூடையோடு வந்து, ஒரு மொட்டு விடாமல் பறித்து, வாழைநாரில் தொடுத்து, சாமிக்குப் பாதி, உங்கள் கொண்டைக்குப் பாதி. முல்லையாக இருந்தால் நாரிலேயே விரிந்து வீட்டை நிறைத்திருக்கும். இந்த மொட்டுகள் சொதசொதவென்று துவண்டு, நூல் மாதிரி ஆகிவிட்டன. வாசம் வருதா என்று தினமும் கேட்டீர்கள். தினமும் "இல்லையே அக்கா" என்றேன்.

"அந்த ஆப்பே நம்மள ஏமாத்திட்டான்" என்று பூக்கடைச் சீனரைத் திட்டினீர்கள். "வாசமில்லாத கொடிய, மூக்கில்லாதவ தலையில கட்டிட்டான். பொருத்தம் பாத்துத்தான் வித்திருக்கான் போல."

பிறகு உங்கள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு புக்கிட் மெர்தாஜாம் போனீர்கள். பறிக்க ஆள் இல்லை. எனக்கு முட்டிவலி, நானும் கூடை எடுக்கவில்லை. அன்று மாலை மொட்டுகள் கொடியிலேயே விரிந்தன. நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்னமோ ஒன்று மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்து உடனே உங்களுக்குப் போன் போட்டேன்.

"வருது அக்கா! வருது!"

"யாரு வர்றா?"

அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம். நான் கத்தியது கல்யாண வீட்டில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

மறுநாளே திரும்பி வந்துவிட்டீர்கள். பையை வைக்காமல் நேராக வேலிக்கு வந்து, கொத்தாக இருந்த பூவில் முகத்தைப் புதைத்தீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது நடந்துவிடாதா என்று எனக்கு ஒரு ஆசை. நெடுநேரம் அப்படியே நின்றீர்கள். பிறகு மூக்கில் ஒட்டிய மஞ்சள் தூளைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் தெரியல டீச்சர். எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றீர்கள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எதையெதையோ விளங்கவைத்தவள் நான். இனிப்பு என்றேன், எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் ஓரத்தில் ஒரு குளிர்ச்சி என்றேன். உங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "மல்லிகை முதல் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை அக்கா. இது கடைசி வரிசை. கேட்டால் சொல்லாது, நாம் திரும்பிய பிறகு சரியான பதிலை மெதுவாகச் சொல்லும்" என்றேன்.

"பாடம் நடத்தாதீங்க" என்று சிரித்தீர்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நாம் ஒரு மொட்டையும் பறிக்கவில்லை. சாமிக்குச் செம்பருத்தி போதும் என்று முடிவு செய்தீர்கள்.

கொடியை வளர்ப்பதும் பிறகு பிடிபட்டது. உரம் அதிகம் போட்டால் இலைதான் வரும். பூத்து முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். நுனித் தளிரில் அசுவினிப் பூச்சி ஏறினால் சவர்க்காரத் தண்ணீர் போதும். வெட்டும் நாளில் நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கத்தரி வேலிக்கு மேல் போய்ப் போய் வரும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உங்களுக்குப் பேச மூச்சு போதவில்லை. "கொடிய பாத்துக்குங்க" என்றீர்கள். சரி என்றேன். வேறென்ன சொல்வது? வேர் யாருடைய மண்ணில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை.

உங்கள் மகன் ஜொகூரில் இருக்கிறான். வீட்டை விற்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கியவர்களும் நல்ல பிள்ளைகள்தான். கணவன் மனைவி இருவருக்கும் பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை, வேறு வேறு ஷிப்ட். குடிவந்ததும் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"ஆண்ட்டி, ரெண்டு காடி இருக்கு. ரோட்டுல நிறுத்துனா சம்மன் வருது. முன்னுக்கு முழுக்க சிமெண்ட் போடப் போறோம். மரமும் போயிடும்."

"அந்தக் கொடி மட்டும் ஓரமா இருக்கட்டுமே, தம்பி?"

"காண்ட்ராக்டர் வேர் இருந்தா சிமெண்ட் வெடிக்கும்னு சொல்றாரு. நீங்க வேணும்னா தோண்டி எடுத்துக்குங்க ஆண்ட்டி. சோரி."

ஒரு மணி நேரம் அவனே எனக்காகத் தோண்டிப் பார்த்தான். அடிவேர் சாக்கடைப் பலகைக்கு அடியில் போயிருந்தது. பலகையைத் தூக்க முடியாது. கிளைகளை வெட்டித் தொட்டிகளில் நட்டேன், ஒவ்வொன்றாகக் கறுத்தன. பிறகுதான் பதியன் போடும் யோசனை வந்தது. என் பக்கத்துக் கிளை ஒன்றைத் தாழ வளைத்து, கணுவில் லேசாகச் சீவி, தொட்டி மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்தேன். தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருக்கும்போது அது தன் வேரை விட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். காண்ட்ராக்டருக்கு அவ்வளவு வாரங்கள் கிடையாது.

நேற்றுக் காலை அடித்தண்டை வெட்டினார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை செய்தவர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் வெட்டினார். மெதுவாக வெட்டினாலும் வெட்டுதானே. மத்தியானத்துக்குள் மாமரமும் போய், சிமெண்ட் ஊற்றியாகிவிட்டது.

வேலியில் தொங்கிய கொடிக்குத் தான் செத்தது தெரியவில்லை, அக்கா. தண்டில் மிச்சமிருந்த ஈரத்தைக் கொண்டு மாலையில், இருந்த மொட்டையெல்லாம் விரித்துவிட்டது. இவ்வளவு வாசனை ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பையன் வேலைக்குக் கிளம்பி, ஈரச் சிமெண்டை மிதிக்காமல் பின்பக்கமாகச் சுற்றி வந்தவன், மூச்சை இழுத்து, "ஆண்ட்டி, என்ன வாசம் இது?" என்று கேட்டான். நான் கையால் காட்டினேன். அவன் இன்னொரு தரம் மூச்சை இழுத்துவிட்டுப் போனான்.

இன்று இலைகள் சுருண்டுவிட்டன. தொட்டியில் கல்லுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் மட்டும் இரண்டு இலை பச்சையாக இருக்கிறது. அது வேரின் பச்சையா, பழைய ஈரத்தின் பச்சையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோண்டிப் பார்த்தால் இருக்கிற வேரும் அறுந்துபோகும். தண்ணீர் தெளிப்பதைத் தவிர என் கையில் வேறு வேலை இல்லை. உங்களுக்குச் சரி என்று சொன்ன சொல்லை அந்த இரண்டு இலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த வீட்டுக் கொடி உங்கள் வேலியில் பூத்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்காரர் நன்றாக இருக்கும்போதே, ஒரு கிளையைத் தாழ வளைத்து உங்கள் மண்ணில் பதியன் போட்டுவிடுங்கள்.