வெர்ன் கொடுத்த கடிதம்

பிப்ரவரி 11, செவ்வாய்
காலையிலிருந்து மழை. ரோந்து காரிலிருந்து இறங்க வெர்ன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். பதினாறு வருடமாக ஒரே காரில் போகிறோம். தோள் கேட்பது இந்த வருடம்தான். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டன. நகரப் போலீஸ் ஐம்பத்து மூன்றில் முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். நாங்கள் துறைமுகப் போலீஸ் — அதே பயிற்சி, அதே துப்பாக்கி — அறுபத்தைந்து வரை ஓட வேண்டும். ஓய்வூதியச் சட்டத்துக்கு நாங்கள் குமாஸ்தாக்கள்.

மார்ச் 4
எங்களுக்கும் ஐம்பத்து மூன்று கேட்டுச் சட்டமன்றக் குழு முன் பேசினோம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம். எரிகிற கப்பலிலிருந்து மாலுமியைத் தூக்கி வந்த கதையை வெர்ன் ஆரம்பித்தான். ஏணி வரை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. திரும்பும்போது, "பேன்ட்டச் சுருட்டி முட்டியக் காட்டியிருக்கணும். ஒன்றரை நிமிஷம் தாராளம்," என்றான்.

ஏப்ரல் 17
புதுச் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார்! எங்களுக்கும் ஐம்பத்து மூன்று. நான்தான் வெர்னிடம் சொன்னேன்: "இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு இருக்க? இன்னைக்கே ரிட்டயர்மென்ட் லெட்டரக் குடு." கொடுத்தான்.

மே 30
வெர்னின் கடைசி நாள். வழக்கப்படி வயர்லெஸ்ஸில் அவன் எண்ணைக் கடைசியாக ஒருமுறை அழைத்து விடை கொடுத்தார்கள். எல்லாக் காரிலும் கேட்டது. அழுதுவிட்டு, மழை என்றான். இன்று மழையே இல்லை.

ஜூன் 19
சட்டம் ஜூலை ஒன்றிலிருந்துதானாம். அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். வெர்னுக்குப் பழைய கணக்கே. அறுபத்தைந்து வரை காத்திருக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.
முப்பத்திரண்டு நாள் வித்தியாசம். நான் ஏன் வாயத் தொறந்தேன்? சட்டத்த முழுசாப் படிச்சேனா? கடைசிப் பக்கத்துலதானே இருந்துச்சு —

ஜூன் 23
வெர்னை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்க இருவரும் போனோம். தாராளமாகச் சேரலாம், ஆனால் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓட்டத் தேர்வு உண்டு என்றார் தலைமை அதிகாரி. வெர்ன் குனிந்து தன் முட்டியைப் பார்த்தான்.

ஜூன் 24
ஒரு வார்த்தை திட்டவில்லை அவன். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 8
எனக்குக் கடிதம் வந்தது. வயது ஐம்பத்து நான்கு. எப்போது வேண்டுமானாலும் போகலாமாம்.
துறைமுகத்தின் மூன்றாவது வாசலில் புதுக் காவலாளி. தனியார் கம்பெனிச் சட்டை. வெர்ன். என் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினான். எனக்குக் காரை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
"போ ஜோலின், வரிசை நிக்குது."

செப்டம்பர் 9
வெர்னுக்கு மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிப் போனேன். வேலை நேரத்தில் உட்காரக் கூடாதாம். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.