நீ மறுத்த சன்மானம்

அம்மா,

பீரோவின் மேல்தட்டில் போர்வை தேடினேன். கையில் உன் பேட்டா வந்தது. அந்துருண்டை வாசனை. சரிகை ஓரம் ஓரிடத்தில் கறுத்திருக்கிறது. மற்றபடி அன்று மேடையில் உன் காதுவரை சரிந்து விழுந்த அதே மைசூர்த் தலைப்பாகைதான்.

கூட வந்த சால்வை இங்கே இல்லை. அது எங்கே போனது என்று நம் இருவருக்கும் தெரியும்.

இன்று குடியரசு தினம். டிவியில் பத்ம விருது பெறுபவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். டாக்டர், பாடகர், தொழிலதிபர். நீ இருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் "நல்லாருக்கட்டும்" என்பாய். பொறாமை இல்லாத குரலில். எனக்குத்தான் ஆறாது. எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, இதே போல் ஒரு காலையில் சொன்னேன்.

"உனக்குப் பத்மஸ்ரீ குடுக்கணும்மா. யார் வேணா யாருக்கு வேணா எழுதிப் போடலாமாம்."

"எந்தப் பத்மஸ்ரீ? கேஸ் ஏஜென்ஸில இருக்குதே, அந்தப் பொண்ணா?"

நான் சிரித்தேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய்.

கார்மெண்ட்ஸில் இஸ்திரி போடுவது சம்பளத்துக்கு. மற்றது நம் மர்பி டவுன் தெருக்களுக்கு. எந்த வீட்டிலாவது ஒரு பெண் இறந்தால் உனக்கு ஆள் வரும். போவாய். குளிப்பாட்டுவாய். தலை சீவுவாய். சேலை கட்டுவாய். படுத்திருப்பவருக்குக் கொசுவம் எதற்கு என்று மற்றவர்கள் சேலையைச் சுற்றிவிடுவார்கள். நீ ஒவ்வொரு மடிப்பாக எடுத்துச் செருகி, உள்ளங்கையால் தேய்த்துப் படியவைப்பாய்.

"கல்யாணத்துக்குக் கெளம்புனவ மாதிரி இருக்கணும்டி. கடைசியா பாக்குறவங்க கண்ணுல அதான் நிக்கும்."

சர்ச் காம்பவுண்டிலும் அதே கை. மாரியம்மன் கோயில் தெருவிலும் அதே கை. முடித்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவாய். தெரு உனக்கு ஒரு பட்டம் கொடுத்தது. கொசுவத்தம்மா.

அடுத்த தெருக் கன்னட சங்கத்தின் செயலாளர் உனக்குப் போன் செய்த மாலை நினைவிருக்கிறது. முந்தைய கோடையில்தான் அவருடைய அம்மாவுக்கு நீ சேலை கட்டியிருந்தாய். அவர் கன்னடத்திலேயே பேசியிருக்கலாம். அவருடைய தமிழைவிட உன் கன்னடம் நன்றாக இருக்கும். மரியாதைக்காகத் தமிழில் பேசினார். வினை அங்கே வந்தது.

"அம்மா, நவெம்பர்ல ராஜ்யோத்சவா விழா. சங்கத்துல இருந்து உங்களுக்கு சன்மானம் பண்றோம்."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் நீங்க பண்றீங்கள்ள. அதுக்குத்தான்."

உன் முகம் மாறியது. "அதுக்கெல்லாம் நான் வாங்கறதில்ல சார்."

"பெரிய பெரியவங்கல்லாம் வாங்கறாங்கம்மா!"

"வாங்கறவங்களுக்கே குடுங்க."

போனை வைத்தாய். கை நடுங்கியது. "அவங்கம்மாவுக்குக் கட்டுனதுக்கு ரேட்டு பேசுறார்டி," என்றாய். எனக்கும் உறைக்கவில்லை. அவர் தமிழில் பேசினார். நாம் தமிழில் கேட்டோம்.

நாலைந்து நாளில் தெரு முழுக்க வேறு கதை. கன்னட சங்கத்தின் மரியாதையைத் தமிழம்மா வேண்டாம் என்றுவிட்டாள். இந்தக் கன்னட ஊரில் அது சின்ன வாக்கியம் இல்லை. மளிகைக் கடைக்காரர் உன்னிடம் சில்லறையைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்தார். நீ இத்தனை வருடம் நுழைந்து வந்த வீடுகள் இனி கதவைத் திறக்குமா என்று எனக்குப் பயம். உனக்கும்தான்.

பிறகு அவரே வந்தார். வாசலிலேயே நின்றார். உட்கார மறுத்தார்.

"நாங்க கன்னடம்னு வேணாம்னிட்டீங்களாம்மா? எங்கம்மாக்கு நீங்க பண்ணப்போ அப்படிப் பார்த்தீங்களா?"

"நான் கேக்க வேண்டியத நீங்க கேக்குறீங்களே சார். உங்கம்மாவுக்குச் சேல கட்டுனதுக்கு எனக்குக் காசு குடுப்பீங்களா?"

"காசா?" அவர் என்னைப் பார்த்தார். "காசுன்னு யார் சொன்னது? சன்மானம்மா! சால்வெ, பேட்டா, ஹாரா, ஹண்ணு புட்டி!"

மாலையும் பழக்கூடையும். அவர் மொழியில் சன்மானம் என்றால் நாலு பேர் முன்னால் செய்யும் மரியாதை. நம் மொழியில் கையில் வைக்கும் பணம். ஒரே சொல்.

நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அட நாசமாப்போற வார்த்த!"

அப்போதுதான் அவர் செருப்பைக் கழற்றினார். "இத அன்னைக்கே கேட்டிருக்கலாம், அல்வா?" கன்னடத்து அல்வா. இல்லையா என்று அர்த்தம். உனக்கா தெரியாது?

"அல்வால்லாம் இல்ல சார். பிஸ்கட்டுதான் இருக்கு. உக்காருங்க."

மேடையில் உன்னை 'சமாஜ சேவகி' என்று அறிவித்தார்கள். உனக்கு இடப்பக்கம் ஒரு பில்டர், வலப்பக்கம் ஒரு கட்சிக்காரர். பேட்டா சரிந்து காதை மூடியது. போட்டோக்காரர் நிமிர்த்தச் சொன்னார். நீ நிமிர்த்தவில்லை. மடியிலிருந்த சால்வையை அதன் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தாய். பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் நான். கைதட்டி முடித்தும் என் கை நிற்கவில்லை.

அந்தச் சால்வை பீரோவில் அதிக காலம் இருக்கவில்லை. நம் தெருவைப் பெருக்கிவந்த எல்லம்மா போனாள். சேலை இருந்தது. மேலே போர்த்த யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. நீ வீட்டுக்கு வந்தாய், கண்ணாடித்தாள் உறையைப் பிரித்தாய், எடுத்துப் போனாய். ஊர்வலம் சங்கத்தைத் தாண்டும்போது செயலாளர் வெளியே வந்து நின்றார். சரிகையை அடையாளம் கண்டுகொண்டார்.

"அம்மா, அது நம்ம சால்வெ, அல்வா?"

"ஆமா சார். நம்மதுதான்."

அவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

யாருக்கு நாட்டின் பட்டங்களைத் தர வேண்டும் என்று வகுப்பில் விவாதித்திருக்கிறோம். சாதனை, பங்களிப்பு, தகுதி. பெரிய சொற்கள். எனக்கு இப்போது ஒரு சின்னக் கேள்வி போதும். செய்த காரியத்துக்குக் கூலி என்றால் யாருக்குக் கை நடுங்குகிறது? பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம். டெல்லிக்கு உன்னைத் தெரியாமல் போனது டெல்லியின் நஷ்டம். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் நீ போனாய். தெருப் பெண்கள் குளிப்பாட்டினார்கள். கொசுவம் நான் எடுத்தேன். ஒரு மடிப்பு கோணல். நீ பார்த்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பாய். பிரித்தேன். மறுபடி எடுத்தேன்.

செயலாளர் புதுச் சால்வையோடு வந்தார். உன்மேல் போர்த்தினார். குனிந்து, உனக்கு மட்டும் சொல்வதுபோல, தன் தமிழில் சொன்னார்.

"இது சன்மானம்மா. காசில்ல."

போன வாரம் பக்கத்து ஜோகுபாளையத்திலிருந்து ஆள் வந்தது. உனக்கு. உனக்கு என்று வந்ததால் நான் போனேன். வாசலில் ஒரு பெரியவர் மறித்தார். "யாரும்மா நீ?" நான் பதில் தேடுவதற்குள் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கொசுவத்தம்மா பொண்ணுப்பா. வழி விடுங்க."

பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. தெரு கொடுத்த இந்தப் பட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன் அம்மா. எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். காதுவரை சரிகிறது.