அறுபது டிகிரிக்கு மேல்

நவம்பர் 16, சனி

பவதாரிணியின் விரலிடுக்குகளைப் பார்த்த தோல் மருத்துவர், சொறிப்பூச்சி என்றார். தோலுக்கு அடியில் குடியிருக்குமாம். வாடகை கிடையாது. வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து பாதம்வரை களிம்பு பூச வேண்டும். படுக்கைத் துணி அனைத்தையும் அறுபது டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும். எங்களிடம் தண்ணீரைத் தானே சூடாக்கும் வாஷிங் மிஷின் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் என் கணவர் அருள்பாண்டி மூன்று ஆண்டுக்கு முன் அதை வாங்கினார்.

நவம்பர் 17

மிஷின் ஓடும்போது கண்ணாடிக் கதவில் கை வைத்துப் பார்த்தேன். மோர்ப்பானையாகச் சில்லென்று இருந்தது.

நவம்பர் 19

விரிப்புகளை அண்டாவில் வேகவைத்துவிட்டேன். ஜமுக்காளமும் கம்பளியும் அண்டாவில் இறங்கவில்லை. அருள்பாண்டி வெந்நீர் காய்ச்சி, சோப்புத்தூள் போடும் தட்டு வழியாக மிஷினில் ஊற்றினார். பாதியை மிஷின் வாங்கிக்கொண்டது. மீதியை அவர் கால் வாங்கிக்கொண்டது.

நவம்பர் 24, ஞாயிறு

கீழக்குயில்குடியில் காதுகுத்து. என் நாத்தனார் நாகஜோதியின் மகன் சித்தார்த்துக்கு. களிம்பு பூசியாயிற்று, தாராளமாகப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே போனோம்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும்; அருள்பாண்டி மடியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பையன் ஊசி இறங்கும்போதுகூடக் காதைப் பிடிக்காமல் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தான்.

பந்தியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பவதாரிணியும் உட்காரப் போனாள். நாகஜோதி குறுக்கே வந்தாள்.

"மதினி, அவள அங்கிட்டுத் தூரமா உக்கார வைங்க. இம்புட்டுப் படிச்சு என்ன, ஒங்களுக்குத் துணி வெளுக்கத் தெரியலையே."

சாம்பார் வாளியோடு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாமன் மடி ஆகும். மாமன் மகள் ஆகாது. பவதாரிணி தூணோரம் தனியாக உட்கார்ந்து அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கினாள். சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் கேட்டாள்: "அம்மா, நான் அழுக்கா?"

ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல? சொன்னேன், இல்ல தாயின்னு. அவ நம்பல. படுபாவி — என் பிள்ளைய, அத்தனை பேருக்கு நடுவுல! அந்த வாயாலேயே "பக்கத்துல வா"ன்னு அவளக் கூப்பிட வைக்காம நான் ஓயமாட்டேன்.

நவம்பர் 25

நான் வன்முறைக்கு எதிரானவள். வெந்நீர் வன்முறையில் சேராது என்று தீர்மானித்திருக்கிறேன்.

நவம்பர் 27

மிஷினின் கையேட்டை இணையத்தில் தேடிப் படித்தேன். சூட்டைக் கூட்டும் பொத்தான், திருகும் குமிழுக்கு வலப்பக்கம், மூன்றாவது. எங்கள் மிஷினில் அந்த இடத்தில் இருப்பது சந்தனப் பொட்டு.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நாகஜோதி இங்கே வந்துவிடுவாள். மிக்ஸி, பைக், மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பது அவள் உரிமை. கை தாராளம். பழைய பொட்டை அழிக்கக்கூடாது, தானாக உதிர வேண்டும் என்பாள், மேலேயே அப்புவாள். மூன்று ஆண்டுச் சந்தனம் காய்ந்து, கீழே ஒரு பொத்தான் இருப்பதே தெரியாமல் போயிற்று. மிஷினைப் பொருத்திக்கொடுத்தவர் குளிர்நீரில் வைத்துவிட்டுப் போனார்; அங்கேயே நின்றுவிட்டது. நாங்களும் கும்பிட்டுக் கும்பிட்டுப் பச்சைத்தண்ணீரில் துவைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன மாத ஆயுத பூஜைக்கு அவர்கள் மூன்று நாள் தங்கினார்கள். சித்தார்த் பவதாரிணியோடு ஒரே மெத்தையில் படுத்தான். விடியவிடியச் சொறிந்தான். கேட்டதற்கு நாகஜோதி, "கொசு மதினி. ஒங்க கோச்சடைக் கொசு" என்றாள்.

ஆக, பூச்சியும் அவளுடையது. பூட்டும் அவளுடையது.

கரண்டிக் காம்பை எடுத்தேன். அருள்பாண்டி பதறினார். "சாமிப் பொட்டு மீனா, சுரண்டாத." சுரண்டினேன். 20, 40, 60, 90. நான்கு விளக்குகள்.

நவம்பர் 28

கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. பவதாரிணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே கம்பளி உருண்டுகொண்டிருந்தது.

"உள்ள பூச்சி கத்துமாம்மா?"

"கத்தும்."

"நமக்குக் கேக்கலையே."

அது ஒன்றுதான் குறை.

டிசம்பர் 11

பிள்ளை சொறியாமல் தூங்குகிறாள். ஆனால் பள்ளியில் தானாகவே ஓரமாக உட்கார்ந்துகொள்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். அதற்குக் களிம்பு இல்லை.

டிசம்பர் 13

நாகஜோதியின் அழைப்பு. வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு. எங்களிடமிருந்து ஒட்டியதாம். அவளுடைய மிஷினில் வெந்நீர் வராது; படுக்கைத் துணிகளை இங்கே கொண்டுவரலாமா என்றாள். வா என்றேன். அருள்பாண்டி என்னை உற்றுப் பார்த்தார். நான் நல்லவளாக இருக்கும்போதெல்லாம் அவருக்குப் பயம்.

டிசம்பர் 15, ஞாயிறு

பெரிய மூட்டையோடு வந்தாள். மேலாக, விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கும் பூப்போட்ட அரக்கு விரிப்பு. ஊரே பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியது.

கூடத்தில் உட்கார்ந்தாள். பவதாரிணி உள்ளேயிருந்து பாய் கொண்டுவந்து, சுவரோரம், எங்களிடமிருந்து தள்ளி விரித்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்: "அத்தை, நீங்கதான் தூரமா உக்காரணுமா, இல்ல நானா?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை நன்றாக எனக்கு வராது.

நாகஜோதி சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கையை நீட்டி, "யாரும் தூரமா உக்கார வேணாம் தாயி. பக்கத்துல வா" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கிடைத்துவிட்டது. இதற்காகத்தான் மூன்று வாரம். மூட்டையை மிஷினுக்குள் திணிக்கும்போது மனம் சற்று இளகியது என்பதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. அறுபதில் விரல் நின்றது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "மதினி, அந்தப் பூ விரிப்புச் சாயம் போகாதுல்ல? துணி விஷயத்துல ஒங்கள நம்ப முடியாதே."

"போகாது" என்றேன்.

மருத்துவர் சொன்னது அறுபது. நான் தொண்ணூறை அழுத்தினேன். மீதி முப்பது என்னுடையது.